கராஜ் கைகளின் கதை: கறையும் மணமும் போக்கிய வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் கைவேலை செய்பவர்கள் யாரும் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் ஒன்றுக்கு அஸர் நேரத்தில் போய்ப் பாருங்கள். வேலை பழகும் பையன் ஒருவன் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை ஊற்றி, பழந்துணியை நனைத்து, முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டிருப்பான். பெயின்ட் அடிக்கும் பாஸ் தின்னரில் கழுவுவார். ஓடாவி மண்ணெண்ணெயில் வார்னிஷைத் துடைப்பார். ஏன் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "வேற ஒண்டுக்கும் போகாது சேர்."

வேறு ஒன்றுக்கும் போகாதா? இந்தக் கேள்விக்கு மனிதன் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பதில் தேடி வந்திருக்கிறான். அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அரசர்களும் யுத்தங்களும் வருகின்றன. வேலை முடிந்து கை கழுவிய மனிதர்கள் வருவதில்லை. ஆனால் அந்தக் கதையில் மருந்தும் இருக்கிறது, மரணமும் இருக்கிறது, எங்கள் மார்க்கமும் இருக்கிறது.

■ சாம்பலும் எண்ணெயும்

கையில் ஒட்டிய கொழுப்பைத் தண்ணீர் மட்டும் கொண்டுபோகாது. தண்ணீரும் எண்ணெயும் சேராது என்பது குழந்தைக்கும் தெரியும். இதற்கு உலகம் முழுவதும் மனிதன் கண்ட முதல் வழி சாம்பல். அடுப்புச் சாம்பலில் காரம் உண்டு. அது கொழுப்புடன் சேரும்போது, கொழுப்பில் ஒரு பகுதி சவர்க்காரத்தைப் போன்ற பொருளாக மாறுகிறது. கூடவே சாம்பலின் நுண்ணிய துகள்கள் அழுக்கைச் சுரண்டி எடுக்கின்றன. எங்கள் மூத்தம்மாமார் மீன் சட்டியைச் சாம்பலும் பொச்சும் வைத்துத் தேய்த்ததன் பின்னால் இருந்த இரசாயனம் இதுதான். அவர்களுக்கு அதன் பெயர் தெரியாது, பலன் தெரியும்.

எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் சவர்க்காரம் வரும். ஒரு முனை எண்ணெயைப் பிடிக்க, மறு முனை தண்ணீரைப் பிடிக்க, நடுவில் நின்று இரண்டையும் சேர்த்துவைக்கும் தரகர் அது. எங்கள் தமிழ்ச் சொல்லையே பாருங்கள்: சவர்க்காரம். அதற்குள்ளேயே 'காரம்' இருக்கிறது. அரபியில் ஸாபூன், சிங்களத்தில் சபன், மலாயில் சாபுன், போர்த்துக்கேயத்தில் சபாவ். இவையெல்லாம் லத்தீன் மொழியின் 'சாபோ' என்ற ஒரே வேரில் வந்து சேர்பவை. இலங்கைத் தமிழர்களும் முஸ்லிம்களும் மட்டும் அந்தப் பக்கம் போகாமல் காரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

விஞ்ஞான பாடத்தில் காரத்துக்கு ஆங்கிலத்தில் 'அல்கலி' என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அது அரபுச் சொல். 'அல்-கலீ' என்றால் உவர் நிலத்தில் வளரும் ஒருவகைச் செடியை எரித்து எடுக்கும் சாம்பல். அந்தச் செடிவகைகளை அரபுலகில் 'உஷ்னான்' என்றும் சொல்வார்கள். சவர்க்காரம் எல்லா வீட்டுக்கும் வருவதற்கு முன்னர், கை கழுவவும் துணி துவைக்கவும் அதைத்தான் பாவித்தார்கள்.

■ பக்தாதின் கை கழுவும் தூள்

10 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் என்பவர் ஒரு சமையல் நூலைத் தொகுத்தார். அரபு மொழியில் எமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சமையல் நூல் அது. அதில் உணவு வகைகளோடு, சாப்பிட்ட பின் கையிலிருக்கும் கொழுப்பு வாடையைப் போக்கும் தூள்களின் செய்முறைகளும் இருக்கின்றன. உஷ்னானோடு வாசனைப் பொருட்களைச் சேர்த்து இடித்த தூள்கள் அவை. கையில் நிற்கும் இறைச்சி வாடையை ஒரு பிரச்சினையாக எடுத்து, அதற்குப் புத்தகத்தில் இடம் ஒதுக்கிய சமூகம் அது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கையில் கொழுப்பு வாடையோடு கழுவாமல் தூங்கி, அதனால் ஏதும் தீங்கு ஏற்பட்டால் தன்னைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல வேண்டாம் என்ற கருத்தில் வந்த நபிமொழி அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் உண்டு. மார்க்கம் வாயில் வைத்த சொல், பக்தாதின் சமையலறையில் தூளாக மாறியது.

ஒலிவ் எண்ணெய் விளையும் ஷாம் தேசத்தில் கட்டிச் சவர்க்காரம் பெரும் தொழிலாக வளர்ந்தது. ஹலப் நகரில் ஒலிவ் எண்ணெயோடு 'கார்' எனும் மரத்தின் எண்ணெயைச் சேர்த்துக் காய்ச்சினார்கள். பலஸ்தீனத்தின் நாப்லூஸில் ஒலிவ் எண்ணெய் மட்டும். காய்ச்சிய சவர்க்காரத்தைத் தரையில் ஊற்றி, ஆறவைத்து, கட்டிகளாக வெட்டி, முத்திரை குத்தி, கோபுரம் போல அடுக்கி மாதக் கணக்கில் காயவிடுவார்கள். இந்த இரண்டு ஊர்களின் கைத்தொழிலையும் யுனெஸ்கோ 2024 இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எத்தனை இழப்புகளுக்கு நடுவிலும் நாப்லூஸ் இன்னும் சவர்க்காரம் காய்ச்சுகிறது.

■ மணம் சொன்ன உண்மை

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். கை மணத்தை வைத்து மருத்துவ வரலாறே திரும்பிய இடம் அது.

பாரிஸில் ஆடு மாடுகளின் குடலைச் சுத்தப்படுத்தி, இசைக்கருவிகளின் நரம்பு முதலியவற்றைச் செய்யும் பட்டறைகள் இருந்தன. குடல் அழுகும் நாற்றம் தாங்க முடியாதது. அங்கு வேலை செய்பவர்களின் உடலிலும் உடையிலும் அது ஊறிவிடும். இதற்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று தொழில் வளர்ச்சிச் சங்கம் ஒன்று அறிவித்தது. 1820 இல் அந்தப் பரிசை வென்றவர் லபராக் என்ற மருந்தாளர். அவர் பாவித்தது குளோரின் சேர்ந்த கரைசல். இன்று நாங்கள் கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் தூளின் உறவுக்காரன். அதுவரை துணி வெளுக்கப் பயன்பட்ட பொருள், நாற்றம் போக்கும் பொருளாகவும் பெயர் எடுத்தது.

27 வருடங்கள் கழித்து, வியன்னா. பெரிய வைத்தியசாலையின் பிரசவப் பிரிவு ஒன்றில் பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சலில் தொடர்ந்து இறந்துகொண்டிருந்தார்கள். மருத்துவ மாணவர்கள் பயிலும் பிரிவில் சாவு அதிகம். மருத்துவிச்சிமார் பயிலும் அடுத்த பிரிவில் குறைவு. இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர் இதற்குக் காரணம் தேடினார். மாணவர்கள் காலையில் பிரேதப் பரிசோதனை செய்துவிட்டு நேரே பிரசவ அறைக்கு வந்தார்கள். சவர்க்காரத்தால் கை கழுவித்தான் வந்தார்கள். ஆனாலும் கையில் பிண வாடை நின்றது.

ஸெம்மல்வைஸ் அந்த வாடையைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். மணம் இருக்கிறதென்றால் பொருளும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கையை விட்டுப் போகவில்லை. மணத்தைப் போக்கத் தெரிந்திருந்த குளோரின் கரைசலில் எல்லாரும் கை கழுவ வேண்டும் என்று 1847 மே மாதத்தில் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூனில் நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது. கிருமி என்ற சொல்லே அப்போது மருத்துவத்தில் நிலைபெற்றிருக்கவில்லை.

ஆனால் பெரிய வைத்தியர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. கனவான்களான எங்கள் கைகளா அழுக்கு என்பது அவர்களுடைய மனத்தாங்கல். 1865 இல் மனநோய் விடுதி ஒன்றில் அவர் இறந்தார். குடல் பட்டறைக்காரனின் நாற்றத்துக்குத் தேடிய மருந்து தாய்மாரின் உயிரைக் காத்தது. அதை மறுத்து நின்றவர்கள், தங்கள் கை சுத்தமானது என்று நினைத்த படித்தவர்கள். மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை சொல்வேன்.

■ கரி தின்ற சிறுவர்கள்

கறை சும்மா பார்வைக்கு அசிங்கம் மட்டும்தானா? இல்லை என்று முதலில் தெளிவாகச் சொன்னவர் லண்டனில் இருந்த பேர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். அங்கே புகைபோக்கிக்குள் சின்னப் பையன்களை இறக்கிக் கரி துடைப்பிப்பார்கள். அவர்கள் வளர்ந்த பின் உடலில் ஒரு வகைப் புற்றுநோய் வருவதையும், தோலில் தங்கும் கரிதான் காரணம் என்பதையும் 1775 இல் அவர் எழுதினார். ஒரு தொழில் தரும் பொருளால் புற்றுநோய் வரும் என்று மருத்துவம் பதிவு செய்த முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

மூன்று வருடங்களில், 1778 இல், டென்மார்க்கின் புகைபோக்கித் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்கள் தினமும் குளிக்க வேண்டும் என்று சொன்னது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1892 இல், இங்கிலாந்தின் பட்லின் என்ற வைத்தியர் ஒப்பிட்டுப் பார்த்தார். தினமும் கழுவி, உடம்பை மூடும் உடை அணிந்த ஐரோப்பிய நாட்டுத் தொழிலாளரிடம் அந்த நோய் குறைவு, இங்கிலாந்தில் அதிகம். மருந்தல்ல, தண்ணீரும் சவர்க்காரமும் ஒழுங்கும் செய்த வேறுபாடு அது.

இதை ஏன் சொல்கிறேன்? எங்கள் பையன்கள் கைகளில் ஏறும் கறுப்பு என்ஜின் ஒயில், அந்தக் கரியின் தம்பி. பாவித்த ஒயிலில் எரிபொருள் எரிந்த மிச்சங்கள் கலந்திருக்கும். நீண்ட காலம் தோலில் படவிட வேண்டாம் என்று ஒயில் போத்தல்களிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். அதைக் கழற்ற வேண்டியது கட்டாயம். எதைக் கொண்டு கழற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

■ இறப்பர் பால், பெற்றோல், ஊறுகாய்ப் போத்தல்

1876 இல் பிரேசிலின் இறப்பர் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்தின் வழியாக எங்கள் நாட்டுக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இந்தக் கன்றுகளின் வம்சம் ஆசியா முழுவதும் தோட்டங்களானது. உலகம் டயரில் ஓடத் தொடங்கியது. அதோடு இறப்பரைக் கரைக்கவும் ஒட்டவும் பென்சீன் என்ற திரவமும் பட்டறைகளுக்கு வந்தது. கையில் ஒட்டிய இறப்பரையும் அது நொடியில் கழற்றும். தொழிலாளிக்கு மகிழ்ச்சி.

ஆனால் 1897 இல் சுவீடனின் உப்சாலா நகரத்திலிருந்து ஒரு செய்தி. சைக்கிள் டயர் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் பெண்கள் இரத்தம் வற்றி இறந்ததை சான்டெஸன் என்ற வைத்தியர் எழுதினார். பென்சீன் அவர்களுடைய எலும்பு மச்சையை, அதாவது இரத்தம் உருவாகும் இடத்தையே, கெடுத்திருந்தது. பிற்காலத்தில் இரத்தப் புற்றுநோய்க்கும் அது காரணம் என்று உறுதியானது. இன்று நாங்கள் அடிக்கும் பெற்றோலிலும் சிறிதளவு பென்சீன் இருக்கிறது. 1923 இலிருந்து பெற்றோலில் ஈயமும் கலந்தார்கள். அந்த ஈயச் சேர்மம் தோல் வழியாகவே உடலுக்குள் போகக்கூடியது. உலகின் கடைசி நாடு அதை நிறுத்தியது 2021 இல். பழைய பாஸ்மார் எத்தனை வருடம் அந்தப் பெற்றோலில் கை கழுவினார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 இல் மலாயா ஜப்பானிடம் விழுந்ததும், நேச நாடுகளுக்கு மிஞ்சிய முக்கிய இயற்கை இறப்பர் ஊற்றுகளில் ஒன்று இலங்கை. அமெரிக்காவின் டயர் நகரம் அக்ரன். ஆண்கள் யுத்தத்துக்குப் போக, பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். கோல்டி லிப்மன் என்ற பெண்ணும் அவர்களில் ஒருத்தி. வேலை முடிந்தால் கையில் கறுப்பு. அதைக் கழற்ற அங்கு வைத்திருந்தது மண்ணெண்ணெயும் பென்சீனும். கறையோடு தோலும் போகும்.

அவளும் கணவர் ஜெரியும், அருகிலிருந்த கென்ட் பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பேராசிரியர் கிளாரன்ஸ் குக்கும் சேர்ந்து, தண்ணீர் இல்லாமலேயே பூசித் துடைத்தெடுக்கும் ஒரு களிம்பைச் செய்தார்கள். 1946 இல் வியாபாரம் தொடங்கியது. முதல் தொகுதிகளைக் கலக்கியது வீட்டு நிலவறையில் இருந்த துணி துவைக்கும் இயந்திரத்தில். அடைத்தது உணவுச்சாலைகளில் சேகரித்த ஊறுகாய்ப் போத்தல்களில். காரின் பின்பெட்டியில் வைத்து விற்றார்கள். அந்தக் கம்பனியின் பெயர் கோஜோ. தொழிலாளர் களிம்பை அளவுக்கு மேல் எடுக்கிறார்கள் என்று முதலாளிமார் முறையிட, அமுக்கினால் அளவாக வரும் பெட்டி ஒன்றையும் ஜெரி உருவாக்கினார். அதே கம்பனி 1988 இல் கைகளுக்கான கிருமிநீக்கித் திரவம் ஒன்றைக் கொண்டுவந்தது: பியூரெல். கொரோனாக் காலத்தில் பள்ளிவாசல் வாசலில் நாங்கள் எல்லாரும் கை நீட்டிய திரவத்தின் பரம்பரையில், ஒரு டயர் தொழிற்சாலைப் பெண்ணின் கறுத்த கை இருக்கிறது.

இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை. ஓட்லி வில்லியம்சன் என்பவர் பட்டுக் காலுறைகளைத் துவைக்க மென்மையான ஒரு திரவம் செய்தார். நைலோன் காலுறை வந்தது, பட்டின் கதை முடிந்தது. மனிதர் தளரவில்லை. பட்டுக்கு மென்மையானது தோலுக்கும் மென்மையாகத்தானே இருக்கும் என்று 1947 இல் அதைப் பச்சைக் களியாக மாற்றி மெக்கானிக்மாருக்கு விற்றார். சுவார்பீகா என்ற அந்தக் களி இன்றும் கராஜ்களில் இருக்கிறது. பட்டுக்கு என்று பிறந்தது கிறீஸுக்கு வாழ்க்கைப்பட்டது.

■ உம்மாவின் தேங்காயெண்ணெய்

இந்தக் களிம்புகளின் இரகசியம் என்ன? எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். முதலில் மென்மையான எண்ணெய் கிறீஸை இளக்கும். பிறகு சவர்க்காரம் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இது எங்கள் குசினிக்குப் புதிதா? பலாக்காய் வெட்டும்போது உம்மா என்ன செய்வார்? கத்தியிலும் கையிலும் முதலே தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வார். பால் ஒட்டாது. ஒட்டினாலும் எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழற்றுவார். கம்பனிகள் போத்தலில் அடைத்து விற்கும் பாடத்தின் முதல் பாதி அது. மீன் வெட்டிய கைக்குத் தேசிக்காய் பிழிவதும் அப்படித்தான். மீன் வாடையைத் தருவது காரத்தன்மையுள்ள ஒரு பொருள். தேசிக்காயின் புளிப்பு அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும். ஆவியாகாவிட்டால் மூக்குக்கு வராது.

தேங்காயெண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. அதில் செய்த சவர்க்காரம் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். கப்பற்காரர்கள் கடல் நீரில் குளிக்க அந்தச் சவர்க்காரத்தைத்தான் தேடினார்கள். கிணறு உவர்க்கும் கரையோர ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

■ ஸஃப்பில் ஒரு இடைவெளி

இனி மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

பாடசாலைப் படிவங்களில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கோடு இருக்கும். வாப்பா கராஜில் வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் அதில் 'வியாபாரம்' என்று எழுதுகிறார்கள். எந்தப் பிள்ளையும் பிறக்கும்போதே இதற்கு வெட்கப்படுவதில்லை. யாரோ முகம் சுளித்ததைப் பார்த்துத்தான் பழகியிருக்கிறது.

இன்னொன்று. கராஜ் பையன்கள் சிலர் லுஹர், அஸர் ஜமாஅத்துக்கு வருவதில்லை. கேட்டால், "கை இப்பிடி இருக்கு, வுழூ கூடாதே சேர்" என்பார்கள். வந்தாலும் கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவர் அரை அடி தள்ளி நிற்பதை அவர்கள் கவனிக்காமல் இல்லை.

முதலாவதற்கு ஆலிம்கள் சொல்லித்தரும் அடிப்படை தெளிவானது. தோலுக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் படை, உதாரணமாக காய்ந்த பெயின்ட், தார், பிசின், கெட்டிக் கிறீஸ், இவற்றை நீக்க வேண்டும். படை போய் நிறம் மட்டும் மிஞ்சினால் அது மருதோன்றிச் சிவப்பைப் போல, தண்ணீரைத் தடுக்காது. நகக்கண்ணில் கறுப்புக் கோடு தெரிகிறது என்பதற்காகத் தொழுகையை விட்டுவிடும் பையனுக்கு இதை யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். சந்தேகமான இடங்களை உங்கள் பள்ளி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவதற்கும் வழிகாட்டல் இருக்கிறது. மதீனாவின் மக்கள் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்தவர்கள். தூசியும் வியர்வையுமாக அப்படியே ஜும்ஆவுக்கு வந்தார்கள். குளித்துவிட்டு வந்தால் நல்லதே என்று அவர்களிடம் சொல்லப்பட்டது என ஆயிஷா (ரலி) அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இதில் இரண்டு பக்கம் உண்டு. மணத்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்பது உண்மை. வெங்காயம், பூண்டு பற்றிய ஹதீஸும் அதைத்தான் சொல்கிறது. அதேநேரம் உழைத்த மனிதன் விரட்டப்படவில்லை. கழுவிக்கொண்டு வா என்றே அழைக்கப்பட்டான்.

நபிகளாரின் மனைவி ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தோல் பதனிட்டவர். அந்தத் தொழிலின் வாடை எப்படிப்பட்டது என்று கேட்க வேண்டியதில்லை. மொரோக்கோவின் பாஸ் நகரத்துத் தோல் பதனிடும் இடங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, மூக்கில் பிடித்துக்கொள்ள இன்றும் புதினா இலை கொடுக்கிறார்கள். அந்த வேலையைத் தன் கையால் செய்து, வந்ததை ஸதகா கொடுத்தவர் முஃமின்களின் தாய்.

எங்கள் இமாம்களின் பெயர்களையும் பாருங்கள். அல்-கஸ்ஸாப்: செருப்புத் தைப்பவர். ஹனபி மத்ஹபின் பெரிய சட்ட அறிஞர். அல்-கப்பால்: பூட்டுச் செய்பவர். முப்பது வயது வரை பூட்டுப் பட்டறையில் இருந்து, பிறகு படிக்க உட்கார்ந்து, குராஸானில் எங்கள் ஷாபிஈ மத்ஹபின் தலைவராக உயர்ந்தார். ஹிஜ்ரி 417 இல் வபாத்தானார். தொழிற் பெயரைப் பட்டமாகச் சுமந்த அந்தச் சமூகத்தின் வாரிசுகளுடைய பிள்ளைகள்தான், இன்று படிவத்தில் 'வியாபாரம்' என்று எழுதுகிறார்கள்.

■ அப்படியென்றால் எப்படிக் கழுவுவது?

வரலாறு சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். செலவு குறைவு.

1. வேலைக்கு முன்: கையில் மெல்லியதாகத் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். சவர்க்காரக் கட்டியை நகங்களால் சுரண்டுங்கள். நகக்கண்ணில் முதலே சவர்க்காரம் இருந்தால் கிறீஸுக்கு இடமில்லை. கையுறை கிடைத்தால் அதுதான் மிகச் சிறந்தது.

2. வேலைக்குப் பின்: தண்ணீர் தொடுவதற்கு முன், காய்ந்த கையில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். ஒரு நிமிடம் நன்றாகத் தேய்த்து, பழந்துணியால் துடையுங்கள். பாதிக் கறுப்பு துணிக்கு வந்துவிடும். புது எண்ணெய் பெயின்ட், வார்னிஷ் ஆகியவற்றுக்கும் இதே வழி. காய முன்னர் செய்ய வேண்டும்.

3. பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தோடு ஒரு கரண்டி சீனி அல்லது சலித்த மரத்தூள் சேர்த்துத் தேயுங்கள். நகத்துக்குப் பழைய பல் தூரிகை. பிறகு தண்ணீர். மணலால் தேய்க்காதீர்கள், தோல் கீறினால் அடுத்த நாள் கறை அந்தக் கீறலுக்குள் இறங்கும்.

4. மீன் வாடைக்குத் தேசிக்காய். ஆனால் நன்றாகக் கழுவிய பின்னரே வெயிலுக்குப் போங்கள். தேசிப்புளி பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளம் வரும், கறுத்த தழும்பு மாதக் கணக்கில் நிற்கும்.

5. இரும்பு மணம் கையில் நிற்கிறது என்பவர்களுக்கு ஒரு செய்தி. அது இரும்பின் மணமே இல்லை. இரும்பு பட்டதும் எங்கள் தோலில் உள்ள கொழுப்பு மாறி எழுப்பும் மணம் அது என்று 2006 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. சவர்க்காரம் போதும்.

6. சீமெந்து கடும் காரம். மேசன் வேலை செய்பவர்கள் அதைக் கையில் காயவிடாமல் உடனுக்குடன் தண்ணீரில் கழுவுங்கள்.

7. கழுவி முடிந்ததும் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். வெடித்த தோலில்தான் கறை குடியிருக்கும்.

பெற்றோல், தின்னர், பிளீச்சிங் தூள் மூன்றும் கைக்கு வேண்டாம். பெற்றோலில் நனைந்த கையோடு சிகரட் பற்றவைக்கும் பையன்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பள்ளிவாசல் நிருவாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். வுழூச் செய்யும் இடத்தில் ஒரு சின்னத் தட்டு. அதில் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம், ஒரு டின் மரத்தூள், இரண்டு தூரிகை, கொஞ்சம் பழந்துணி. ஓடாவிமாரிடம் கேட்டால் மரத்தூள் சும்மாவே தருவார்கள். கழிவு எண்ணெய்த் துணிக்கு ஒரு வாளியும் வையுங்கள்; ஹவுள் பக்கம் போகக் கூடாது. ஒரு மாதத்துக்கு ஒரு வீட்டார் பொறுப்பெடுத்தால் போதும். கை கழுவ ஐந்து நிமிடம் வேண்டும் என்பதால் கராஜ் முதலாளிமாரும் பாங்குக்கு ஐந்து நிமிடம் முன்னரே பையன்களை விட்டுவிடுங்கள்.

மற்றவர்களுக்கு இன்னும் இலகுவான வேலை. அடுத்த முறை உங்கள் பக்கத்தில் கறுத்த நகத்தோடு ஒருவர் வந்து நின்றால், தோளோடு தோள் சேர்த்து நில்லுங்கள். உங்கள் மோட்டார் சைக்கிள் காலையில் ஸ்டார்ட் ஆனது அந்தக் கையால்தான்.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் சாயம், தார், மீன், பலாப்பால் இவற்றைக் கழற்ற என்ன பாவித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மருதமுனையில் நெசவுச் சாயம் தோய்த்த கைகள், பேருவளையில் மாணிக்கம் பட்டை தீட்டிய கைகள், பஞ்சிகாவத்தையில் என்ஜின் கழற்றிய கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருந்திருக்கும். எழுதி வைத்தால் அதுவும் வரலாறுதான்.